பின்னிணைப்பில் நடக்கும் பேரம்

போர்ட்ஃபோலியோ மேனேஜ்மென்ட் சர்வீஸ், சுருக்கமாக பி.எம்.எஸ்., என்ற பெயரில் இந்தியாவில் விற்கப்படும் சேவையில் சேர ஒருவர் குறைந்தது 50 லட்சம் ரூபாய் கொண்டுவர வேண்டும். 2020 ஜனவரிக்கு முன்பு இது 25 லட்சமாக இருந்தது. மியூச்சுவல் ஃபண்டில் எல்லோருடைய பணமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். பி.எம்.எஸ்.ஸில் பங்குகள் முதலீட்டாளரின் பெயரிலேயே, அவருடைய டீமேட் கணக்கிலேயே இருக்கும். மேலாளர் அவரிடமிருந்து பெற்ற பவர் ஆஃப் அட்டர்னியைக் கொண்டு வாங்கி விற்பார். மியூச்சுவல் ஃபண்டின் ஒரே பிளானில் ஆயிரம் ரூபாய் போட்டவருக்கும் பத்துக் கோடி போட்டவருக்கும் செலவு விகிதம் ஒன்றுதான். பேசிக் குறைக்க இடமே இல்லை. பி.எம்.எஸ்.ஸிலோ ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி ஒப்பந்தம், தனிக் கட்டணப் பின்னிணைப்பு. ஒரே மேலாளர், ஒரே உத்தி, ஒரே பங்குகள் என்றாலும் இருவர் இரண்டு விதமான கட்டணம் கொடுக்கலாம். அப்படியிருந்தும், வீடு வாங்கும்போது சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் குறைக்க மூன்று நாள் மல்லுக்கட்டுகிறவர்கள், இந்தப் பின்னிணைப்பில் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

பேரம் பேசுகிற சிலரும் பெரும்பாலும் தவறான இடத்தில் பேசுகிறார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். இரண்டரை சதவிகிதத்தை இரண்டாக்கியதும் ஜெயித்துவிட்டதாக நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய தொகைகள் கைமாறுவது ஷரத்துகளின் வரையறையில்: லாபம் என்று எதைச் சொல்வது, அதை எப்போது அளப்பது, எந்தப் புள்ளியிலிருந்து அளப்பது, வெளியேறும்போது பணமாகத் தருவதா பங்காகத் தருவதா. இவற்றை முதலீட்டாளர் தானாகப் பேசுவது கடினம். அவருக்காக ஒரு ஆலோசகர் பேச வேண்டும். அந்த ஆலோசகரின் வருமானம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அவர் எதைப் பேசுவார், எதைப் பேசாமல் விடுவார் என்பதும் இருக்கிறது.

முதலில் சட்டம் எதைப் பேரத்துக்கு வெளியே வைத்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். 1993ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2020இல் கொண்டுவந்த போர்ட்ஃபோலியோ மேலாளர் விதிகளும் அவற்றையொட்டிய சுற்றறிக்கையும் பல சுரண்டல் வழிகளை அடைத்தன. சேரும்போதே முன்கட்டணம் வாங்கக் கூடாது. வெளியேற்றுக் கட்டணம் முதல் ஆண்டில் 3%, இரண்டாம் ஆண்டில் 2%, மூன்றாம் ஆண்டில் 1% என்ற உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. அதன் பிறகு இல்லவே இல்லை. தரகுக் கட்டணம் நீங்கலான நிர்வாகச் செலவுகள் ஆண்டுக்கு 0.50%க்குள் இருக்க வேண்டும். மேலாளரின் சொந்தக் குழும நிறுவனம் ஒன்றின் வழியாகச் செய்யும் பரிவர்த்தனை, அந்தச் சேவையின் மொத்த மதிப்பில் 20%ஐத் தாண்டக் கூடாது. லாபப் பங்கு வாங்குவதானால் ஹை வாட்டர் மார்க் முறை கட்டாயம். அதாவது கணக்கின் மதிப்பு முன்பு எட்டிய உச்சத்தைத் தாண்டினால்தான் லாபத்தில் பங்கு கேட்கலாம். 2024இல் இன்னொரு படி ஏறி, பல ஆண்டுகளுக்கான கட்டணத்தைக் கணக்கிட்டுக் காட்டும் கருவியை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும், கட்டண அமைப்பைப் புரிந்துகொண்டதாக அவர் கைப்பட எழுதித் தர வேண்டும் என்றும் செபி சொன்னது. ஆனால் நிலையான நிர்வாகக் கட்டணத்துக்கும் லாபப் பங்குக்கும் உச்சவரம்பு கிடையாது. வெளிப்படுத்தல் ஆவணத்தில் இருப்பது உத்தேசமான வீச்சு மட்டுமே. உண்மையான விலை பின்னிணைப்பில்தான் எழுதப்படுகிறது.

விலை சொல்லும் முறைகள் பொதுவாக மூன்று. நிலையான கட்டணம் மட்டும், லாபப் பங்கு மட்டும், இரண்டும் கலந்தது. லாபப் பங்கு முறையில் ஒரு ஹர்டில் இருக்கும். 8% வரை வருமானம் வந்தால் மேலாளருக்கு ஒன்றுமில்லை, அதற்கு மேல் போனால் 20% பங்கு என்பது போல. இதைக் கேட்ட மாத்திரத்தில் முதலீட்டாளருக்குப் பிடித்துப்போகும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கோடி ரூபாய், ஓராண்டில் 15% வருமானம், அதாவது 15 லட்சம் லாபம். 8%க்கு மேற்பட்ட ஏழு லட்சத்தில் 20% என்றால் மேலாளருக்கு 1,40,000 ரூபாய். ஒப்பந்தத்தில் ‘கேட்ச்-அப்’ என்று ஒரு வார்த்தை சேர்ந்திருந்தால், ஹர்டிலைத் தாண்டியதும் மொத்த லாபத்துக்கும் பங்கு உண்டு: 15 லட்சத்தில் 20%, மூன்று லட்சம். சதவிகிதம் மாறவில்லை, ஹர்டில் மாறவில்லை. ஆனால் கட்டணம் இரண்டு மடங்குக்கும் மேல். இதன் மீது 18% ஜி.எஸ்.டி. வேறு. பங்கை 20லிருந்து 18 ஆகக் குறைத்துத் தந்துவிட்டு கேட்ச்-அப்பை அப்படியே வைத்திருக்கும் மேலாளர் கொடுத்த சலுகை 30,000 ரூபாய். பேசாமல் விட்ட ஷரத்தில் அவருக்குக் கிடைப்பது அதைப்போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு.

ஹர்டில் எதனுடன் கட்டப்பட்டிருக்கிறது என்பது இதைவிடப் பெரிய கேள்வி. 2020 மார்ச் 31 அன்று நிஃப்டி 50 குறியீடு சுமார் 8,598 புள்ளிகளில் முடிந்தது. கொரோனா அச்சத்தில் சந்தை சரிந்து கிடந்த நேரம். ஓராண்டு கழித்து 14,691. ஏற்றம் 71%. அன்று ஒரு கோடி ரூபாயுடன் கணக்குத் தொடங்கிய ஒருவருடைய மேலாளர் குறியீட்டில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கிப் போட்டுவிட்டு ஓராண்டு சும்மா இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 10% நிலையான ஹர்டில், 20% பங்கு என்றால், கேட்ச்-அப் இல்லாமலேயே அவருக்கு 61 லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு, 12.2 லட்சம் சேர்ந்திருக்கும். இதே வேலையை ஆண்டுக்கு 0.2% செலவில் செய்யும் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு 20,000 ரூபாயைச் சுற்றித்தான் போயிருக்கும். சந்தை தந்ததற்கு மேலாளர் கூலி வாங்குவதை ஹை வாட்டர் மார்க் தடுக்காது; புதிய வாடிக்கையாளருக்கு அது தொடங்கிய நாளின் மதிப்பிலேயே நிற்கிறது. தடுக்க வேண்டுமானால் ஹர்டிலைக் குறியீட்டோடு கட்ட வேண்டும். அமெரிக்காவில் மியூச்சுவல் ஃபண்டுகள் இப்படிக் கட்டணம் வாங்குவதானால், குறியீட்டை மிஞ்சினால் எந்த அளவு கட்டணம் கூடுமோ, பின்தங்கினால் அதே அளவு குறைய வேண்டும் என்று 1970லேயே சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கே லாபப் பங்கு முறை ஃபண்டுகளிடையே பெரிதாகப் பரவாமல் போனதற்கு இந்தச் சமச்சீர் விதியும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. குறையும் பக்கமும் இருக்கிறது என்றதும் ஆர்வம் வடிந்துவிடுகிறது.

மூன்றாவது வரையறை இன்னும் நுட்பமானது. ஹர்டில் ஆண்டுக்கு ஆண்டு புதிதாகத் தொடங்குகிறதா, சேர்ந்துகொண்டே போகிறதா? முதல் ஆண்டில் கணக்கு அசையவில்லை. ஒரு கோடி ஒரு கோடியாகவே இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் 20% ஏறி 1.20 கோடி ஆகிறது. ஹர்டில் ஆண்டுக்கு 10%. ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கினால் இரண்டாம் ஆண்டில் பத்து லட்சம் மிகை லாபம். 20% பங்கு இரண்டு லட்சம். சேர்ந்துகொண்டே போனால் இரண்டு ஆண்டு முடிவில் தாண்ட வேண்டிய கோடு 1.21 கோடி, கணக்கு அதை எட்டவில்லை, கட்டணம் பூஜ்யம். இரண்டு ஒப்பந்தங்களிலும் ஹை வாட்டர் மார்க் இருக்கிறது, ஹர்டில் இருக்கிறது, சதவிகிதமும் ஒன்றே. விற்பனைக் கையேட்டில் இரண்டும் ஒரே வரியாகத்தான் தெரியும். கல்யாண மண்டபத்தில் வாடகையை முழு மூச்சாகப் பேசி முடித்துவிட்டு, ஜெனரேட்டர், பாத்திரம், துப்புரவு எல்லாம் தனி என்பதை மறுநாள் காலை பில்லில் பார்ப்பவரின் நிலைமைதான் இது.

கட்டணத்தைச் சேராத ஷரத்துகளும் உண்டு. வரி அதில் தலையானது. மியூச்சுவல் ஃபண்டுக்குள் நடக்கும் வாங்கல் விற்றலுக்கு முதலீட்டாளர் வரி கட்டுவதில்லை, பி.எம்.எஸ்.ஸில் ஒவ்வொரு விற்பனையும் அவர் பெயரில் நடப்பதால் ஒவ்வொன்றும் அவருக்கு வரி நிகழ்வு. 2024 ஜூலை 23க்குப் பிறகு பட்டியலிட்ட பங்குகளில் ஓராண்டுக்குள் வரும் ஆதாயத்துக்கு 20%, அதற்கு மேற்பட்டதற்கு ஆண்டில் 1.25 லட்சம் போக 12.5%. மேலாளர் விளம்பரத்தில் காட்டும் வருமானமோ இந்த வரிக்கு முந்தையது. ஆக, அடிக்கடி விற்பதன் வலி அவருக்கு எட்டுவதே இல்லை. ஒப்பந்தம்தான் எட்டவைக்க வேண்டும். ஏற்கெனவே கையில் இருக்கும் பங்குகளைக் கொடுத்துக் கணக்குத் தொடங்குபவர்களுக்கு இது உடனே உறைக்கும். இருபது ஆண்டுகளாக வைத்திருந்த பங்குகளை மாதிரிப் பட்டியலோடு ஒத்துப்போகவில்லை என்று முதல் வாரத்திலேயே விற்றுவிட்டால், ஆதாயம் 40 லட்சம் என்று வைத்துக்கொண்டால்கூட வரி கிட்டத்தட்ட 4.84 லட்சம், செஸ், சர்சார்ஜ் தனி. எந்தப் பங்குகளைத் தொடக் கூடாது, எவற்றை எவ்வளவு காலத்தில் படிப்படியாக விற்கலாம், கணக்கை முடிக்கும்போது விற்றுப் பணமாக்காமல் பங்குகளாகவே விட்டுவிட வேண்டும் என்பதையெல்லாம் தொடக்கத்திலேயே எழுதி வாங்க முடியும். பங்குகள் ஏற்கெனவே வாடிக்கையாளரின் டீமேட்டில்தான் இருக்கின்றன என்பதால் கடைசியாகச் சொன்னதை மறுக்க மேலாளருக்குப் பெரிய காரணம் இல்லை. கட்டிய கட்டணத்தை மூலதன ஆதாயத்தில் கழிக்கலாமா என்பதிலோ மும்பை, புனே வருமான வரித் தீர்ப்பாயங்கள் எதிரும் புதிருமாகத் தீர்ப்பளித்திருக்கின்றன. கழிக்க முடியாது என்றே வைத்துக் கணக்குப் போடுவது பத்திரம். அப்படிப் போட்டால் ஒவ்வொரு ரூபாய்க் கட்டணமும் இன்னும் கனக்கிறது.

இவற்றையெல்லாம் யார் கேட்பது? இங்கேதான் ஆலோசகர் என்ற ஒரே பெயரில் உலவும் இரண்டு வகை மனிதர்களைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பி.எம்.எஸ்.ஸை நமக்கு அறிமுகப்படுத்துபவர் பெரும்பாலும் விநியோகஸ்தர். அவருக்கு மேலாளர் தான் வாங்கும் கட்டணத்திலிருந்து ஆண்டுதோறும் டிரெயில் கமிஷன் தருகிறார்; 2020 விதிகளின்படி டிரெயில் மட்டுமே தரலாம். மேலாளரின் கட்டணம் குறைந்தால் விநியோகஸ்தரின் பங்கும் நசுங்கும். கேட்ச்-அப்பை நீக்குங்கள் என்று அவர் மேலாளரிடம் வாதாடினால் தன் வருமானத்துக்கு எதிராகத் தானே வாதாடுகிறார். அவர் நேர்மையற்றவர் என்று சொல்ல வரவில்லை. நேர்மையாக இருப்பதற்கு அவர் தன் கையிலிருந்து காசு கொடுக்க வேண்டிய ஏற்பாட்டில் அவரை நிறுத்தியிருக்கிறோம். மற்றவர் 2013ஆம் ஆண்டு விதிகளின் கீழ் செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகர். தான் பரிந்துரைக்கும் எதற்கும் வாடிக்கையாளரைத் தவிர வேறு யாரிடமிருந்தும் அவர் பணம் வாங்கக் கூடாது. நாட்டிலுள்ள மக்கள்தொகையை நினைத்துப் பார்த்தால் இவர்களின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணக்கூடியது; ஆயிரத்தைச் சுற்றித்தான். விநியோகஸ்தர் இல்லாமல் நேரடியாகச் சேரும் வழியை 2020 முதல் எல்லா மேலாளர்களும் வைத்திருக்க வேண்டும் என்பதால், இவர்கள் பேச வரும்போது மேசையில் டிரெயில் என்ற சுமை இல்லை. அந்தத் தொகை கட்டணத்தில் அப்படியே கழிய வேண்டும் என்று கேட்பதே அவர்களுடைய முதல் கோரிக்கையாக இருக்க முடியும்.

பேரத்தில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பது விலையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு அமெரிக்காவில் நீதிமன்ற ஆவணத்திலேயே சாட்சி இருக்கிறது. சிகாகோவைச் சேர்ந்த ஹாரிஸ் அசோசியேட்ஸ் நிறுவனம் தான் நடத்திய ஓக்மார்க் ஃபண்டிடம் முதல் 200 கோடி டாலருக்கு 1% கட்டணம் வாங்கியது. அதே நிறுவனம் ஒத்த நோக்கமுடைய வெளி வாடிக்கையாளர்களின் தனிக் கணக்குகளுக்கு முதல் ஒன்றரைக் கோடி டாலருக்கு 0.75%, 50 கோடி டாலருக்கு மேற்பட்டதற்கு 0.35% வாங்கியது. ஃபண்டின் பக்கம் பேசியது மேலாளரே உருவாக்கிய அமைப்பின் இயக்குநர் குழு. மற்றப் பக்கம் பேசியது வேண்டாம் என்று எழுந்து போகக்கூடிய வாடிக்கையாளர். ஃப்ரீமன், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட கட்டுரையிலும் இதே இடைவெளி தெரிந்தது: பங்கு ஃபண்டுகள் நிர்வாகத்துக்கு 0.56% கொடுத்த இடத்தில் அரசு ஓய்வூதிய நிதிகள் 0.28% கொடுத்தன. சரியாகப் பாதி. ஹாரிஸ் வழக்கு 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டு வகை வாடிக்கையாளருக்கும் தரப்படும் சேவை ஒன்றல்ல, எனவே ஒப்பீட்டை எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. நியாயமான எச்சரிக்கை. லட்சக்கணக்கான சிறு முதலீட்டாளர்களின் கணக்குகளைப் பராமரிக்கவும் தினமும் பணம் வந்து போவதைச் சமாளிக்கவும் கூடுதல் செலவு ஆகும். ஆனால் ஆய்வாளர்கள் ஒப்பிட்டது பங்கு தேர்வுக்கான கட்டணத்தை. கணக்குப் பராமரிப்புச் செலவு அதில் சேராது. இடைவெளியின் ஒரு பகுதியைச் சேவை வேறுபாடு விளக்கலாம், முழுவதையும் விளக்காது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் முதன்மையானது, கட்டணத்தைப் பார்க்காதே, வருமானத்தைப் பார் என்பது. 25% சம்பாதித்துத் தருகிற மேலாளருக்கு ஒரு சதவிகிதம் கூடக் கொடுத்தால் என்ன? கேள்வி நியாயமானதுதான், அப்படிப்பட்ட மேலாளரை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமானால். அமித் கோயல், சுனில் வஹால் இருவரும் 1994 முதல் 2003 வரை சுமார் 3,400 ஓய்வூதிய, அறக்கட்டளை அமைப்புகள் மேலாளர்களைச் சேர்த்ததையும் நீக்கியதையும் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். நல்ல வருமானம் காட்டியவர்களையே இவை சேர்த்துக்கொண்டன. சேர்த்த பிறகு அந்த மிகை வருமானம் தொடரவில்லை. நீக்கப்பட்டவர்களையே வைத்திருந்தாலும் விளைவு பெரிதாக மாறியிருக்காது. ஜென்கின்சன், ஜோன்ஸ், மார்ட்டினெஸ் மூவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு தொழில்முறை ஆலோசனை நிறுவனங்களின் பரிந்துரைகளையே எடுத்துக்கொண்டது. பரிந்துரைக்கப்பட்ட மேலாளர்கள் மற்றவர்களை மிஞ்சியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பெரிய பணமும் முழுநேர ஊழியர்களும் உள்ளவர்களுக்கே ஜெயிப்பவரை முன்கூட்டி அடையாளம் காண முடியவில்லை என்றால், ஆலோசகர் தன் திறமையை எங்கே செலவிட வேண்டும் என்பதும் தெளிவாகிறது. நாளைய வருமானம் யார் கையிலும் இல்லை. ஷரத்துகள் இன்று கையில் இருக்கின்றன. ஒரு கோடி ரூபாய் பதினைந்து ஆண்டுகள் 12% வளர்ந்தால் சுமார் 5.47 கோடி, 11% வளர்ந்தால் 4.78 கோடி. அந்த ஒரு சதவிகிதத்தின் விலை 69 லட்சம்.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: அடிமாட்டு விலைக்குப் பேசி முடித்தால் நல்ல மேலாளர் கிடைக்க மாட்டார், கிடைத்தாலும் கவனம் செலுத்த மாட்டார். இதை ஒதுக்கிவிட முடியாது. நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தை 2009 மே மாதம் பொதுமக்களுக்குத் திறந்தபோது ஏலம் விட்டு நிர்வாகக் கட்டணத்தை 0.0009% என்று நிர்ணயித்தார்கள். ஒரு கோடி ரூபாயை ஓராண்டு நிர்வகிக்க 90 ரூபாய். உலகிலேயே மலிவு என்று பெருமை பேசினார்கள். அந்த விலையில் திட்டத்தைப் பரப்ப யாருக்கும் ஊக்கம் இல்லை. பிறகு கட்டணம் பலமுறை மாறி, 2021இல் நிதியின் அளவுக்கேற்ப 0.09%லிருந்து 0.03% வரை இறங்கும் படிக்கட்டானது. மேல்படியில் பழைய விலைக்கு நூறு மடங்கு. ஆனால் இதிலிருந்து பேரமே கூடாது என்ற முடிவுக்குப் போவது தவறு. நூறு மடங்கு ஏறிய பிறகும் அந்த விலை பத்தில் ஒரு சதவிகிதத்தைத் தொடவில்லை. ஒற்றை எண்ணை எவ்வளவு தாழ்த்த முடியும் என்று மட்டும் பார்த்த ஏலத்தின் கோளாறு அது. அதைவிட, மேலாளருக்கு வாழத்தக்க நிலையான கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வரையறைகளில் கறாராக இருப்பதே இரு தரப்புக்கும் உகந்தது. 1.25% நிலையான கட்டணமும், குறியீட்டோடு கட்டிய, சேர்ந்துகொண்டே போகிற, கேட்ச்-அப் இல்லாத ஹர்டிலும் உள்ள ஒப்பந்தம், ‘நிலையான கட்டணமே இல்லை’ என்று விளம்பரம் செய்யும் ஒப்பந்தத்தைவிட ஏறுமுகச் சந்தையில் மலிவாக முடியும். மேலே பார்த்த 71% ஆண்டை வைத்தே யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது மறுப்புதான் கடினமானது. 50 லட்சம் ரூபாய்க்காரருக்கு ஆயிரக்கணக்கான கோடியை நிர்வகிக்கும் மேலாளர் ஏன் இறங்கிவர வேண்டும்? பேச ஒரு ஆலோசகரை வைத்தால் அவருக்கும் கட்டணம் கொடுக்க வேண்டுமே? பதிவு பெற்ற ஆலோசகர் தனிநபர் குடும்பம் ஒன்றிடம் நிலையான கட்டணமாக ஆண்டுக்கு அதிகபட்சம் 1,51,000 ரூபாய் வாங்கலாம். அல்லது ஆலோசனைக்கு உட்பட்ட சொத்தில் 2.5% வரை. உச்சவரம்பையே ஒருவர் வாங்கினால், 50 லட்சத்தில் அது மூன்று சதவிகிதம். எந்தப் பேரமும் அந்தப் பணத்தை மீட்டுத் தராது. ஐந்து கோடி ரூபாய்ச் சொத்துள்ள குடும்பத்துக்கு அதே தொகை 0.3%, அங்கே மேலே சொன்ன ஷரத்துகளில் ஒன்று சரியாக அமைந்தாலே செலவு திரும்பிவிடும். ஆகவே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம்: மொத்தச் சேமிப்பே 50 லட்சத்தைத் தாண்டி ஓரளவுதான் என்பவர்கள் பி.எம்.எஸ்.ஸுக்கே வர வேண்டியதில்லை. நேரடி பிளானில் உள்ள சாதாரண ஃபண்டுகள் அவர்களுக்குப் போதும், அங்கே பேரமும் தேவையில்லை. சொத்தில் சதவிகிதம் வாங்கும் ஆலோசகரிடம் வேறொரு சாய்வும் உண்டு. வீட்டுக் கடனை முதலில் அடையுங்கள் என்று சொன்னால் அவர் கட்டணம் குறையும். அதனால் பேரத்துக்கு உட்காரும்போது நிலையான கட்டணக்காரரையே நான் நம்புவேன்.

பேர வலிமை சேர்ந்து வரும்போது கூடுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. இந்தியாவில் போர்ட்ஃபோலியோ மேலாளர்கள் கையாளும் மொத்தத் தொகையில் பெரும்பகுதி தனிநபர் பணமே அல்ல. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் பணம். அது மேலாளர்களை ஏலத்தில் தேர்ந்தெடுக்கிறது. ஒரு ஆலோசகரிடம் முப்பது குடும்பங்கள் இருந்து, அவர்களில் பத்துப் பேருக்கு ஒரே மேலாளர் பொருந்துகிறார் என்றால், பத்து தனித்தனி 75 லட்சங்களாகப் பேசாமல் ஏழரைக் கோடியாகப் பேச முடியும். குடும்ப உறுப்பினர்களின் கணக்குகளை ஒன்றாகக் கூட்டிப் படிக்கட்டுக் கட்டணத்தில் கணக்கிடுவது நடைமுறையில் கேட்கத்தக்கதே. இதே உத்தியில், இதே அளவுப் பணத்துக்கு, இனி யாருக்காவது குறைந்த கட்டணம் கொடுத்தால் எங்களுக்கும் அதுவே பொருந்தும் என்ற ஷரத்தை அமெரிக்க ஓய்வூதிய நிதிகள் வெகுகாலமாகக் கேட்டு வாங்குகின்றன. இங்கே அதைக் கேட்பவர்கள் அரிது. கேட்டால் மறுக்கும் மேலாளரும் ஒரு தகவலைத் தந்துவிடுகிறார்: வேறு யாரோ குறைவாகக் கொடுக்கிறார்கள்.

செபியின் போக்கில் எனக்குள்ள மனக்குறையும் இங்கேயே இருக்கிறது. 2021இல் அது ‘அங்கீகரிக்கப்பட்ட முதலீட்டாளர்’ என்ற பிரிவை உருவாக்கியது. ஆண்டு வருமானம் இரண்டு கோடி, அல்லது ஏழரைக் கோடி நிகர சொத்தும் அதில் பாதி நிதிச் சொத்தாகவும் இருந்தால் தனிநபர் இந்தச் சான்றைப் பெறலாம். அப்படிப்பட்டவர் பத்துக் கோடி போட்டால், வெளியேற்றுக் கட்டணத்தை இரு தரப்பும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம். 3, 2, 1 என்ற வரம்பு அவருக்குப் பொருந்தாது. ஆலோசகர் கட்டண உச்சவரம்பும் அங்கீகரிக்கப்பட்டவருக்குக் கிடையாது. பணம் இருப்பவருக்குப் பேசத் தெரியும் என்ற ஊகத்தின் மீது கட்டிய விதி இது. பணம் இருப்பது தொழில் தெரிந்ததற்கு அடையாளம். சேர்ந்துகொண்டே போகும் ஹர்டிலுக்கும் ஆண்டுக்கு ஆண்டு புதிதாகத் தொடங்கும் ஹர்டிலுக்கும் வேறுபாடு தெரிந்ததற்கு அல்ல. நெசவாலையோ மருத்துவமனையோ திறமையாக நடத்தி விற்றுக் கைநிறையப் பணத்துடன் நிற்பவர் இந்த மேசையில் முதல்முறை அமர்கிறார். எதிரே இருப்பவர் இதே ஒப்பந்தத்தை ஆயிரமாவது தடவை கையெழுத்து வாங்குகிறார். பாதுகாப்பை விலக்கும் இடத்தில், வாடிக்கையாளரிடம் மட்டுமே பணம் வாங்கும் ஓர் ஆலோசகர் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாவது விதித்திருக்கலாம்.

பிரிட்டன் இரண்டு காரியங்களைச் செய்தது. 2012 இறுதியோடு, பொருளை விற்பதற்காக ஆலோசகர் கமிஷன் வாங்குவதைத் தனிநபர் முதலீட்டில் நிறுத்தியது. பிறகு 2019 முதல், ஓய்வூதிய அறங்காவலர்கள் தங்கள் நிதியில் 20% அல்லது அதற்கு மேல் ஒரு மேலாண்மை நிறுவனத்திடம் முடிவெடுக்கும் அதிகாரத்தோடு ஒப்படைப்பதானால் போட்டி ஒப்பந்தப்புள்ளி கோரியே ஆக வேண்டும் என்றது. இங்கே கமிஷனை ஒரே நாளில் ஒழிக்கச் சொல்லவில்லை. பதிவு பெற்ற ஆலோசகர்கள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது அப்படிச் செய்தால் ஊர்ப்புறத்தில் ஆலோசனையே இல்லாமல் போகும். அதைவிட எளிய ஒன்றைச் செய்யலாம். அமெரிக்காவில் ஒவ்வொரு ஆலோசனை நிறுவனமும் பங்குச் சந்தை ஆணையத்திடம் தாக்கல் செய்து வாடிக்கையாளருக்கும் தரும் கையேட்டில், தன் கட்டணம் பேசி முடிவு செய்யத்தக்கதா என்பதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். செபி நம் மேலாளர்களிடமும் அந்த ஒரு வரியைக் கேட்கட்டும். கூடவே, ஒவ்வொரு உத்தியிலும் கடந்த நிதியாண்டில் உண்மையில் வாங்கிய கட்டணத்தின் மிகக் குறைந்த அளவு, நடு அளவு, மிக உயர்ந்த அளவு மூன்றையும் வெளிப்படுத்தல் ஆவணத்தில் அச்சிடச் சொல்லட்டும். கணக்குகள் எல்லாம் மேலாளர்களின் கணினியில் இருக்கின்றன. இதற்குப் புதிதாக ஒரு ரூபாய் செலவில்லை. அதுவரை, கையெழுத்துப் போடப்போகிறவர்கள் மேலாளரிடமும், கூட்டிவந்தவரிடமும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை மூன்று உண்டு: கேட்ச்-அப் உண்டா இல்லையா, ஹர்டில் சேர்ந்துகொண்டே போகிறதா, இந்தக் கணக்கிலிருந்து உங்களுக்கு ஆண்டுக்கு எவ்வளவு வருகிறது. பதில் எழுத்தில் வராவிட்டால் காசோலையையும் கொடுக்காதீர்கள்.